உடம்பை ஒட்டிய துணி

1

போன வாரம் சரோஜாவிடமிருந்து கடிதம் வந்தது. சரோஜா என் சித்தப்பா மகள். பாளையம்பட்டியில் இருக்கிறாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இந்த இங்கிலாந்தில்தான், நாங்கள் இருக்கிற ஊரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் வேலை பார்க்கிறார். காகிதமெல்லாம் சரியாகி அவள் இங்கே வந்து சேர அடுத்த குளிர்காலம் ஆகிவிடும்.

"அக்கா, அங்கே குளிர் எலும்பைத் தொடும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அப்பா தடித்த நூலாகப் பார்த்து ஆறு சேலை தறியில் போட்டிருக்கிறார். உள்ளே போட்டுக்கொள்ளக் காடாத் துணியில் ஒரு டஜன் தைக்கக் கொடுத்திருக்கிறது. போதுமா, இன்னும் வேணுமா? நீங்கள் சொன்னால்தான் அப்பாவுக்கு மனசு ஆறும்" என்று எழுதியிருந்தாள்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒரு பெட்டி கட்டிக்கொண்டுதான் வந்தேன். தடித்த நூல். எல்லாம் பருத்தி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வராது. நீலக் கடிதக் காகிதத்தில் அவளுக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன், இடம் போதவில்லை. அதனால் பத்மாவின் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். பத்மா என் மகள். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கிளம்பிக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2

இங்கே குளிர்காலத்தில் உடுத்துவது ஒரு வேலை. காலையில் இருபது நிமிஷம் அதற்கே போகிறது.

முந்தின நாளே நாற்காலியில் அடுக்கி வைத்துவிடுவேன். கடைசியாகப் போடுவது அடியில், முதலில் போடுவது மேலே. விடியாத குளிரில் தேடிக்கொண்டு நிற்க முடியாது. முதலில் முழுக்கை வைத்த கம்பளி உள்சட்டை. காலுக்குக் கம்பளியில் நீளக் கால்சட்டை. அதற்கு மேல் ரவிக்கை, பாவாடை. காலில் இரண்டு ஜோடி காலுறை. இரண்டுக்கும் நடுவில் ரொட்டி சுற்றி வருகிற பிளாஸ்டிக் பை, தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. சேலையை ஒரு சாண் உயர்த்திக் கட்டி, கொசுவத்தின் அடியை ஊக்கு வைத்துத் தூக்கிவிடுவேன். பிறகு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, தலைக்குத் துணி, ரப்பர் பூட்ஸ். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் பாதியைக் கழற்ற வேண்டும். சாயங்காலம் மறுபடி போட வேண்டும். அக்டோபரிலிருந்து மார்ச்சு வரை இப்படியே போகிறது. சில நாள் முதல் சட்டையைக் கையில் எடுக்கும்போதே அசந்து போகிறது.

பத்மாவுக்குப் பதினாலு வயசு. முட்டிக்கு மேலே பாவாடை, கோட்டைத் திறந்து போட்டுக்கொண்டு கிளம்புவாள்.

"பொத்தானப் போடு பத்மா."

"எனக்குக் குளிரலம்மா." இதை அவள் இங்கிலீசில்தான் சொல்லுவாள்.

"உன்னையப் பாத்தா எனக்குக் குளிருது."

"அப்ப நீங்க மேல இன்னொண்ணு போட்டுக்கங்க."

எங்கள் வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். ஊரில் இரண்டும் போதுமாக இருந்தது. நான் தெலுங்கில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்லுவாள். பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் இருவரும் ஒன்றாகத்தான் போகிறோம். ஆனால் அவள் பத்தடி முன்னால் போவாள். போன தடவை பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். "அப்பா மட்டும் வரட்டும், நீங்க அந்த பூட்ஸோட வராதீங்க" என்றாள். சரி என்றுவிட்டேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சேலைக்கு அடியில் பூட்ஸ் நல்லாவா இருக்கும்?

3

நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அதற்கு நம் ஊர் வெயிலைச் சொல்லாமல் முடியாது.

எங்கள் அருப்புக்கோட்டையில் துணி நனைந்தால் யாரும் கவலைப்பட்டதில்லை. துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் காய்ந்திருக்கும். சித்திரையில் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவோம். திருச்சுழிப் பக்கம் பருத்தி எடுக்கப் போகிறவர்கள் சேலைத் தலைப்பை நனைத்துத் தோளில் சுற்றிக்கொள்வார்கள். என்றைக்காவது ஒரு மழை பெய்து நனைந்துவிட்டால் அதைக் கொண்டாடிக்கொண்டு வீடு வந்து சேருவோம். வருவதற்குள் அதுவே உடம்பில் உலர்ந்துவிடும். ஈரத்துணி உடம்பில் கிடப்பது எங்களுக்குச் சுகம். அது கெடுதல் செய்யும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அங்கே வந்ததே இல்லை.

அதோடு, பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே நெசவுக்காரர் வீடு. பருத்தி வேர்வையைக் குடிக்கும், அதுதான் அதன் குணம் என்று தறிக்குப் பாவு நூல் ஓட்டின சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள். குளிர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? இன்னொரு பருத்தி. அதற்கும் மேலே இன்னொன்று. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

4

என் வீட்டுக்காரர் எனக்கு நாலு வருஷம் முன்னால் இங்கே மில்லுக்கு வந்துவிட்டார். அந்த நாலு வருஷமும் நானும் பத்மாவும் அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தோம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் புருஷன் பக்கத்தில் இல்லாதவள் ஒரு வீட்டில் எப்படி இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். சோறு போட்டுக்கொள்ளும்போது கூட யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வேன். கைக்குழந்தையாக விட்டுப் போனார் பத்மாவை. விமான நிலையத்தில் இறங்கினபோது அவருடைய கையைப் பிடிக்க மாட்டேன் என்று என் சேலைக்குள் ஒளிந்தாள். "மாமாட்டப் போக மாட்டேன்" என்றாள். அவர் சிரித்தார். ஆனால் வீடு வந்து சேரும் வரைக்கும் அவள் பக்கம் கையை நீட்டவில்லை.

நாங்கள் வந்தது ஆகஸ்டில். அக்டோபரில் நான் ஒரு சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி, ஹோட்டல் துணிகளெல்லாம் அங்கே வரும். உள்ளே ஆவி அடித்துக்கொண்டே இருக்கும். இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் நின்றால் பங்குனி வெயில் மாதிரி வேர்த்து ஊற்றும். வெளியே வந்தால் பனி.

நவம்பரில் நான் உடுத்தியிருந்ததைக் கேளுங்கள். காடாத் துணியில் உள்ளே ஒன்று. ரவிக்கை. ஒரு பழைய சேலையை இரண்டாகக் கிழித்து வயிற்றையும் நெஞ்சையும் சுற்றி ஒரு பாதி. அதன் மேல் சேலை. சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய சட்டை. அதற்கும் மேல் கோட்டு. கூட வேலை பார்த்த டோரிஸ் என்கிற வெள்ளைக்காரம்மா என்னைப் பார்த்ததும், "உள்ளே இன்னைக்கு எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்பாள். முதலில் புரியாமல் "நான் ஒருத்திதான்" என்று பதில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் அவர் பங்குக்கு, "பஞ்சுப் பொதிக்குக் கால் மொளச்ச மாதிரி இருக்க" என்றார்.

அத்தனையும் போட்டும் குளிர் நிற்கவில்லை. வேலையில் வேர்த்து உள்துணி எல்லாம் ஊறிவிடும். அதோடு பஸ்ஸுக்கு அரை மணி நிற்பேன். கீழே சேலை ஓரம் பனிச்சேற்றில் நனையும். பருத்தி தண்ணீரைச் சும்மா விடாது, உறிஞ்சிக்கொண்டே மேலே ஏறும். வீட்டுக்கு வரும்போது முட்டி வரை ஈரம், ஓரம் அட்டை மாதிரி விறைத்திருக்கும். காய்ந்துவிடும், காய்ந்துவிடும் என்றுதான் இருந்தேன். இங்கே எதுவும் காய்வதில்லை.

இருமல் வந்தது. முதலில் சாதாரணமாக, பிறகு விலா வலிக்கிற மாதிரி. டிசம்பரில் ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"இந்தா, ஒனக்கு இந்த ஊரு ஒத்துக்கிறல. நீயும் பத்மாவும் ஊருக்குப் போயிருங்க."

"சும்மா சளிதான்."

"சளியா அது? பக்கத்து வீட்டுச் சொவரு வரைக்கும் கேக்குது. அண்ணன் வீட்டுல இருங்க. வருசத்துக்கு ஒருக்கா நான் வாரேன்."

"வருசத்துக்கு ஒருக்காவா வந்தீக இம்புட்டு நாளா?"

அப்படி எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவரும் திகைத்துவிட்டார். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தார். "நெஞ்சுல போட்டோ புடிச்சுப் பாக்க டாக்டரு சீட்டுக் குடுத்திருக்காக. அதப் பாத்துட்டு டிக்கெட்டுக்குச் சொல்லிருவேன்" என்றார்.

அவர் கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். அது எனக்குத் தெரியும். பத்மா அப்போதுதான் அவரை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். மறுபடி அந்த வீட்டுக்குப் போய், மறுபடி ஒரு மூலையில் பாயை விரித்து, மறுபடி அவளுக்கு அப்பா என்றால் ஒரு கடிதம் என்று ஆகிவிடும். எப்படியாவது இந்தக் குளிரைத் தாண்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் இருமுவதை நிறுத்தினேன். வந்தால் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் சத்தத்தில் இருமுவேன்.

5

சலவைக்கூடத்தில் பிழிகிற யந்திரத்திலிருந்து துணியை அள்ளி வண்டியில் போடுவது அந்த வாரம் என் வேலை. ஈரத் துணி கையிலும் மார்பிலும் படும். பருத்தி விரிப்பு பட்டால் சில்லென்று இருக்கும். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கம்பளிகள் வந்தன. அதே யந்திரம், அதே ஈரம். அள்ளி மார்போடு அணைத்தேன். சில்லிடவில்லை.

தறியில் வளர்ந்த கைக்கு இது சும்மா விட்டுவிடுகிற விஷயம் இல்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் துணியிலிருந்து ஒரு கம்பளித் துண்டும் ஒரு பருத்தித் துண்டும் எடுத்தேன். இரண்டையும் தண்ணீரில் முக்கி ஒரே மாதிரிப் பிழிந்து, ஒரு மணிக்கட்டில் அதையும் மறு மணிக்கட்டில் இதையும் சுற்றிக்கொண்டு பின்வாசலில் போய் நின்றேன். பனி லேசாக விழுந்துகொண்டிருந்தது.

டோரிஸ் சிகரெட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். "கையில் அடிபட்டதா?"

இல்லை என்று தலையாட்டினேன். விளக்கிச் சொல்ல இங்கிலீசு இல்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் பருத்தி சுற்றின கை மரத்துப் போனது. விரலை மடக்க முடியவில்லை. கம்பளி சுற்றின கை ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வளவு பருத்தியை மேலே மேலே போட்டாலும், வேர்த்து நனைந்து உடம்பை ஒட்டிக் கிடக்கிற அந்த முதல் பருத்திதான் என்னைக் குளிரில் தள்ளுகிறது என்று அங்கே நின்றபோது புரிந்தது. எத்தனை துணி என்பதைவிட எது தோலைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். பருத்தியைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அப்பாவைக் குறை சொன்ன மாதிரி.

6

இனி வருவதை யாரும் என் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

கம்பளியில் உள்சட்டை வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டால் குளிர் தாங்கவில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அடுத்த நாளே டிக்கெட்டுக்குப் போவார். சலவைக்கூடத்தில் ஒரு அலமாரி உண்டு. துணியைப் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்டு வராதவர்களுடைய துணிகள் அதில் கிடக்கும். ஆறு மாதம் தாண்டினால் வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஆண்கள் போடுகிற முழுக்கைக் கம்பளி உள்சட்டை இரண்டு இருந்தன. கழுத்தில் சிவப்பு நூலில் ஏதோ எண் தைத்திருந்தது.

மற்றவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. நெய்கிற வீட்டில் அடுத்தவர் உடுத்தி அவிழ்த்ததை உடுத்துவது கிடையாது. சாப்பாட்டுக்கு வழியில்லாத வருஷத்திலும் கிடையாது. ஊருக்கே துணி கொடுக்கிறவன் இன்னொருத்தன் கழற்றிப் போட்டதை எடுத்தால் தறிக்குழியில் கால் வைக்க லாயக்கில்லை என்பார்கள். இதுவோ முன்பின் தெரியாத ஆம்பளையின் சட்டை. கேட்டு வராத ஆள் உயிரோடு இருக்கிறானோ என்னவோ. அதையும் மேலே போடுவதில்லை, தோலை ஒட்டிப் போட வேண்டும்.

இரண்டு நாள் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் இருமலில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது போல இருந்தது. தொண்டை புண்ணாகித்தான் வந்தது என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு அது தெரியாதே. அன்று இரண்டையும் எடுத்துப் பையில் வைத்தேன்.

மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். ஊரில் புதுத்துணி உடுத்தும் முன் ஓரத்தில் மஞ்சள் வைப்போம் இல்லையா? சமையல் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து அந்தச் சட்டை ஒவ்வொன்றின் கீழ் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தேன். சாமி என்ன நினைத்ததோ. எனக்கு அதற்குப் பிறகுதான் கை நுழைக்க முடிந்தது.

முதல் நாள் உடம்பெல்லாம் அரித்தது. இரண்டாம் நாளும் அரித்தது. அந்த வாரம் கிழித்த சேலைப் பாதி, வீட்டுக்காரர் சட்டை எல்லாவற்றையும் விட்டேன். உள்ளே கம்பளி, நடுவில் ரவிக்கை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே தண்ணீர் இறங்காத கோட்டு. வேலைக்குப் போனதும் வேர்ப்பதற்கு முன்னாலேயே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவேன். "உள்ளே இருந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?" என்று டோரிஸ் கேட்டாள்.

அவர் மில்லுக்குப் போன பிறகு துவைத்து, அவர் வருவதற்குள் கட்டில் சட்டத்துக்குப் பின்னால் காயப் போட்டுவிடுவேன். அவரிடம் நான் மறைத்த பொருள் அது ஒன்றுதான். இருமல் அடங்க ஆரம்பித்தது. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டின் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

7

அந்த நாள் ஜனவரிக் கடைசியில் வந்தது. எனக்கு மொழி தெரியாது என்று அவரும் லீவு போட்டுக்கொண்டு வந்தார்.

முகப்பில் ஒரு பெண் என் பெயரைக் கேட்டாள். இங்கே எல்லாக் காகிதத்திலும் என் மாமனார் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். மாமனார் பெயரை நான் எப்படி வாயால் சொல்ல முடியும்? பேசாமல் நின்றேன். அவள் இன்னும் சத்தமாகக் கேட்டாள். மூன்றாம் தடவை என் காதைக் காட்டிக் கேட்டாள். அவர் வந்து சொன்னார், தன் அப்பா பெயரை, என்னைக் காட்டி.

உள்ளே தடுப்புத் துணிக்குப் பின்னால் நர்ஸ் என்னை இடுப்பு வரை கழற்றச் சொன்னாள். அவர் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தார். கோட்டைக் கழற்றினேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன். அவள் ஒவ்வொன்றாக வாங்கித் தடுப்புக்கு வெளியே நீட்டினாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ரவிக்கையும் போனது. அடுத்தது அந்தச் சட்டை. நான் அதைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து அதை எடுத்தாள். தடவிப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். பிறகு அதையும் வெளியே நீட்டினாள்.

வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

நர்ஸ் அவரைப் பார்த்து மறுபடி நீளமாகச் சொன்னாள். எனக்குச் சொல்லச் சொல்கிறாள் என்பது தெரிந்தது.

"கேக்குதா?" என்றார்.

"ம்."

"இந்தக் கம்பளிய ஒடம்ப ஒட்டிப் போட்டது ரொம்பச் சரின்னு சொல்றாக." கொஞ்சம் நிறுத்தினார். "பருத்தி ஈரமானா நெஞ்சுக்கு ஆகாதாம். இத விடாமப் போடணுமாம்."

தன் வாயால் பருத்தி ஆகாது என்று அவர் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

படத்தைப் பார்த்த டாக்டர், நுரையீரலில் ஒன்றுமில்லை, சளி பிடித்து ஆறிக்கொண்டிருக்கிறது என்றார். நான் வெளியே வந்தபோது அவர் துணிகளை மடியில் அடுக்கி வைத்திருந்தார், அந்தச் சட்டை மேலே. மஞ்சள் பொட்டு வைத்த ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றோம்.

"யாரோடது?"

"தெரியலீங்க. கேட்டு வராத துணி."

"ஆம்பளயோடது."

"ஆமா."

"செத்தவனோடதா இருந்தா?"

"மூணு தண்ணி அலசியிருக்கேன்."

"மஞ்ச வேற வச்சிருக்க."

"ஆமா."

"என்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா அனுப்பிச்சிருவீக."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னால், முன்சீட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"மார்ச்சு வரைக்கும் பாப்போம்."

மார்ச்சு வந்தது. அதற்கு அடுத்த மார்ச்சும் வந்தது. அவர் அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கேயே இரு என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. ஒன்பது குளிர்காலம் ஆகிவிட்டது. மார்ச்சு வரைக்கும் என்று சொன்ன அந்தப் பேச்சில்தான் நான் இருந்துகொண்டிருக்கிறேன்.